கையிலுள்ள கருவியும் நம் செய்தியும்

(நம் கல்விச் சங்க வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு 'அறிவியல் வளர்ச்சியும் இளைஞர்களும்' என்பதாகும். அது பெரிய தலைப்பு. விண்வெளியில் தொடங்கி வேளாண்மை வரை பேசலாம். நாம் அவ்வளவு தூரம் செல்லப் போவதில்லை. இவ்வரங்கில் அமர்ந்திருப்போர் பலருடைய சட்டைப் பையில் இருக்கின்ற கைப்பேசியைப் பற்றியும், அதன் வழியே நம் வீட்டிற்குள் வந்து சேர்கின்ற செய்தியைப் பற்றியும் சில கருத்துகளைக் கூறி அமர எண்ணுகின்றோம்.

இச்சங்கம் தோன்றிய நாளில் நம் தெருவில் ஒரு தொலைபேசியும் இல்லை. கடைவீதியில் எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை பேசுவான் என்று தாய் அங்கே சென்று மணிக்கணக்கில் காத்திருப்பாள். இன்று அவளுடைய பேத்தியின் கையில் உலகமே இருக்கிறது. இதை நாம் குறைத்துக் கூறமாட்டோம். தேர்வு முடிவை அறிய நகரத்திற்கு ஓடிய நாளையும், அரசுப் பணிக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றிற்காகப் பேருந்துக் கட்டணத்திற்குக் கடன் வாங்கிய நாளையும் கண்டவர்கள் நாம். கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். செய்தியைச் சுமப்பது நமக்குப் புதிய தொழிலன்று. ஊரில் ஒருவர் இறந்தால் பத்து ஊர் நடந்து சென்று அவர் உறவினர்க்கு இழவு சொல்லி வந்தவர் யார்? நம் பாட்டனார். ஏரி மீன்பிடி ஏலத்தையும், வரி கட்டும் நாளையும், திருவிழாக் காப்புக் கட்டுவதையும் பறையடித்துத் தெருத்தெருவாக அறிவித்தவர் யார்? அவரே. கால் நம்முடையது, தொண்டை நம்முடையது. ஆனால் அச்செய்தியில் ஒரு சொல்லும் நம்முடையதன்று. 'மாற்றிச் சொல்லாதே, கேட்டதைச் சொல்' என்பதே கட்டளை. தண்டோரா போடும் வழக்கம் கூடாதென்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டு மாதத்தில்தான். விடுதலைக்குப் பின் எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து!

பாட்டனார் அந்த வேலையை விரும்பிச் செய்யவில்லை. பேரன் விரும்பிச் செய்கிறான் என்பதே நம் வருத்தம். யாரோ எழுதியதை, யாரோ படம் பிடித்ததை, ஏன் எதற்கென்று வினவாமல் கட்டைவிரலால் தள்ளிவிடுகின்றோமே, இது வேறென்ன?

'தலைமையாசிரியர் நமக்குக் குற்றம் சாட்டுகிறார்' என்று இளைஞர்கள் எண்ண வேண்டா. முதற்குற்றவாளி நாமே. அதனையும் இவ்வவையிலேயே கூறிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாத மாலையில், நாம் மதிக்கும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் வழியே ஓர் அறிவிப்பை அனுப்பியிருந்தார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பத்தாயிரம் ரூபாய் உதவித்தொகை, வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நாளையே கடைசி நாள் என்றிருந்தது. மேலே அரசு முத்திரை. கடைசி நாள் என்ற சொல்லே நம் அறிவை மறைத்துவிட்டது. பெற்றோர் குழுவிற்கு உடனே அனுப்பிவிட்டு, ஒரு நற்செயல் புரிந்த நிறைவோடு உறங்கினோம்.

மறுநாள் ஏழு தாய்மார் நடவு வேலையை விட்டுவிட்டு, சான்றிதழ்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிச் சென்றிருக்கின்றனர். அலுவலகத்தில் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று கூறிவிட்டனர். கூறிய விதமும் நன்றாயில்லை. மாலையில் அவர்களுள் ஒருவர் பள்ளிக்கு வந்தார். சண்டையிட வருகிறார் என்றே எண்ணினோம். அவர் கதவருகே நின்று, "ஐயா, நீங்க அனுப்புனதாச்சேன்னுதான் போனோம்" என்றார். அவ்வளவுதான். ஏழு பேரின் கூலியையும் கொடுத்துவிட முயன்றோம். ஒருவரும் வாங்கவில்லை. அது நமக்கு இன்னும் பெரிய தண்டனையாயிற்று. அரசின் இணையதளத்தைப் பார்ப்பதற்கோ, அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைப்பதற்கோ ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நாம் செலவிடவில்லை. பி.ஏ., பி.எட். பட்டமெல்லாம் அன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நம் பிழையால் ஏழு பேரின் ஒரு நாள் கூலி போயிற்று. உயிரே போன இடங்களும் உண்டு. 2018ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்பவர் வந்திருக்கின்றனர் என்ற வதந்தி கைப்பேசி வழியே நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்துக் கொன்றனர். ஜூலை முதல் நாள் மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்தின் ரைன்பாடா என்னும் சிற்றூரில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் யார்? ஊர் ஊராகச் சென்று இரந்துண்டு வாழும் நாத பந்தி தவரி கோசாவி என்னும் நாடோடி இனத்தார். நில புலம் உள்ளவரையோ, காரில் வந்து இறங்குபவரையோ வதந்தி தீண்டுவதில்லை. அந்நியன் என்று யாரை எளிதில் சொல்லிவிட முடியுமோ அவர்மேல்தான் அது பாய்கிறது. இதனை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

அந்நாளில் உலவிய படங்களுள் ஒன்றின் வரலாறு வியப்பானது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதாக அதில் காட்சி. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அறிவிப்பு அட்டையைத் தூக்கிக் காட்டுவதே அதன் முடிவு. யாரோ அந்த முடிவை மட்டும் வெட்டி எறிந்துவிட்டனர். வெட்டியது ஒரு கை. பரப்பியவை எண்ணற்ற கைகள். பிறகு வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டியது. கடிவாளம் நல்லதுதான். ஆனால் ஐந்து என்பதும் குறைந்த எண்ணன்று. ஒவ்வொரு குழுவிலும் நூற்றுக்கணக்கானோர் இருக்கின்றனரே!

இனி வேறொரு பக்கத்தைப் பார்ப்போம். பிறர் செய்தியைச் சுமக்க மறுத்து, தம் செய்தியைத் தாமே எழுதத் துணிந்தவர்களும் நம்மிடையே தோன்றினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்கு 'பறையன்' என்றே பெயரிட்டார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே முகப்பில் அச்சிட்டு ஏழாண்டு நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே 'தமிழன்' என்று பெயர் மாறிய அவ்விதழ், 1914இல் அவர் மறையும் வரை இடைவிடாது வந்தது. விலையையே பெயராக வைத்த நேர்மையைக் கவனியுங்கள். ஒரு பைசா கொடுத்தவன் தான் எதற்குக் கொடுத்தோம் என்று அறிவான். இன்று நமக்கு எல்லாம் இலவசம் என்கின்றனர். எந்தக் கடைக்காரரும் தம் சரக்கை இலவசமாகக் கொடுப்பதில்லை. நாம் எந்தப் படத்தின்முன் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதைக் கணக்கெடுத்து, அதற்கேற்ற விளம்பரத்தை நம் கண்முன் நிறுத்திப் பணமாக்குகின்றனர். கோபமும் அச்சமும் நம்மை நெடுநேரம் நிற்கவைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பண்டிதரின் பைசாவைவிட நாம் இன்று கொடுக்கும் விலை மிகுதி.

அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31ஆம் நாள் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். அவ்விதழ் வெளிவருவதைப் பற்றிக் கட்டணம் செலுத்தி விளம்பரம் செய்யவும் 'கேசரி' இதழ் இடம் தர மறுத்தது. பணத்தையும் வாங்க மறுத்தனர் என்றால் அந்தக் கதவு எவ்வளவு இறுக மூடியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

கதவு இன்று திறந்துவிட்டதா? 1996இல் பி. என். உனியால் என்னும் மூத்த பத்திரிகையாளர், தலைநகர் தில்லியில் தலித் பத்திரிகையாளர் ஒருவரையேனும் கண்டுபிடிக்க முயன்று தோற்றதை 'பயனியர்' நாளேட்டில் எழுதினார். ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளேடு, தொலைக்காட்சி, இணையதளம், வார இதழ் ஆகியவற்றின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. அச்சு போய்த் திரை வந்தது, திரை போய்க் கைப்பேசி வந்தது. நாற்காலியில் அமர்ந்திருப்பவர் மாறவில்லை.

அந்த நாற்காலிக்காகக் காத்திராமல் தெருவில் இறங்கிய பெண்களின் கதையையே இன்று உங்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டத்தில் 2002இல் 'கபர் லஹரியா' என்ற செய்தித்தாள் தொடங்கியது. செய்தி அலைகள் என்று பொருள். பந்தேலி என்னும் வட்டார மொழியில் வந்த அதனை எழுதியவர், விற்றவர் எல்லோரும் கிராமத்துப் பெண்கள். அவர்களுள் பலர் தலித் பெண்கள். சிலர் வளர்ந்த பிறகு எழுத்தறிவு பெற்றவர்கள். சாலை இல்லாத குடியிருப்பு, வராத மின்சாரம், பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைப் பதிவு செய்யாத காவல் நிலையம் ஆகியவையே அவர்களுடைய தலைப்புச் செய்திகள். 2009இல் அம்முயற்சிக்கு யுனெஸ்கோ நிறுவனத்தின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது.

பின்னர் அவர்கள் தாளை விட்டுக் கைப்பேசிக்கு மாறினர். அது எளிதாக நடந்துவிடவில்லை. ஆங்கில எழுத்துகளைக் கண்டு மலைத்தவர் உண்டு. பொத்தானை அழுத்தினால் கெட்டுவிடுமோ என்று அஞ்சியவர் உண்டு. வீட்டில் மின்சாரம் இல்லாமல் கருவிக்கு மின்னேற்ற வழியற்றவரும் இருந்தார். கற்றுக்கொண்டனர். நம் பிள்ளைகள் நாள்தோறும் வைத்து விளையாடும் அதே கருவிதான். அதனைக் கையில் ஏந்தி நிகழ்விடத்திற்குச் சென்றனர், பாதிக்கப்பட்டவரைக் கேட்டனர், அதிகாரியையும் கேட்டனர், பிறகே வெளியிட்டனர்.

அவர்களைப் பற்றி 2021இல் வெளிவந்த 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற ஆவணப்படம் 2022ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் புகழ்ந்தது. வேறொருவராயின் மாலையை வாங்கிக்கொண்டு வாளாவிருந்திருப்பர். இவர்களோ, அப்படம் தம் பணியின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது, தம் செய்திப் பணி முழுவதையும் அது சொல்லவில்லை என்று விருது விழாவிற்குச் சில நாள் முன்பே வெளிப்படையாக அறிக்கை விடுத்தனர். புகழுரையாயினும் பிறர் எழுதியது நம் கதையாகிவிடாது என்று கூற எவ்வளவு துணிவு வேண்டும்! நமக்கு ஆஸ்கரைவிட அந்த அறிக்கையே பெரிதாகத் தோன்றுகிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கூற வேண்டுமென்று மாணவர் சிலர் கேட்டனர். அத்துறையில் நமக்குப் பயிற்சி குறைவு; ஒன்று மட்டும் சொல்வோம். 2018இல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் கணினி முறைகளைச் சோதித்தனர். வெளுத்த நிறத்து ஆண்களிடம் மிக அதிகமாக நேர்ந்த பிழை நூற்றுக்கு 0.8; கறுத்த நிறத்துப் பெண்களிடம் அது 34.7 வரை சென்றது. எந்திரத்திற்குக் காட்டிப் பயிற்றிய படங்களில் கறுத்த முகங்கள் குறைவு என்பது அதற்கு ஒரு பெருங்காரணம். பார்த்ததைக் கொண்டுதான் அது பேசும். நம் தெருவைப் பற்றி நாம் ஒன்றும் எழுதி வைக்காவிட்டால், பிறர் நம்மைப் பற்றி எழுதி வைத்ததையே அது நம் பேரப்பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லும். அதற்குப் பொல்லாத எண்ணம் ஏதுமிராது. அதனாலேயே அதனோடு வழக்காடவும் முடியாது.

சங்கத்தின் செயற்குழு நம் வேண்டுகோளை ஏற்று, படிப்பகத்தின் வெளிச்சுவரில் ஒரு சுவர்ப்பத்திரிகை நடத்த இசைந்திருக்கிறது. வாரம் ஒரு முறை ஞாயிறன்று மாறும். அதனைக் கைப்பேசியில் படம் பிடித்து, வெளியூரிலுள்ள நம் உறவினர் குழுக்களுக்கும் அனுப்பலாம். நாமே எழுதியதை எத்தனை பேருக்கு அனுப்பினாலும் தகும். நிபந்தனை ஒன்றுதான். எழுதியவர் தாமே நேரில் சென்று கண்டிருக்க வேண்டும், அல்லது இருவரிடமேனும் கேட்டிருக்க வேண்டும்.

முதல் இதழ் சென்ற வாரம் வந்துவிட்டது. முதற்செய்தியை எழுதியவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. நம் தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் கழுவிய நாளும், அடுத்துக் கழுவ வேண்டிய நாளும் அதன் தூணில் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கும். அந்த அடுத்த நாள் கடந்து நான்கு மாதம் ஆயிற்று என்பதை அவள் கண்டிருக்கிறாள். படம் பிடித்தாள். பக்கத்து வீட்டார் இருவரைக் கேட்டாள். பிறகு தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்திற்கே சென்றாள். அங்கிருந்தவர், "உன்னை யாரம்மா அனுப்பியது?" என்று வினவினாராம். அவள், "யாரும் அனுப்பவில்லை ஐயா, பத்திரிகைக்குக் கேட்கிறேன்" என்றிருக்கிறாள்.

தொட்டியை வியாழனன்று கழுவினார்கள். அந்தச் செய்தி வரும் ஞாயிறு இதழில் வரும்.