வைரத்தின் விலை யார் தலையில்?

(திருச்சியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பகுதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடம் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. சீனாவிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கற்கள் வந்து குவிந்ததும் நொடித்துப் போனது.

அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார், "தோடு மட்டும் அசல் வைரமாக இருக்கட்டும்" என்றார்கள். பேச்சு அதோடு நின்றது. "அசலையும் என் கல்லையும் பிரித்துச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது ஹஜ்ரத்" என்றார் அந்தப் பெரியவர். இத்தனை நிக்காஹ் மேடைகளில் பேசியும் இதைப் பேசாமல் விட்டோமே என்று நான் தலை குனிந்தேன்.

சகோதரர்களே! வைரம் என்பது என்ன? அடுப்புக்கரியில் இருக்கும் அதே கரிமம்தான் பூமியின் ஆழத்தில் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகி வைரமாகிறது. அதற்குப் பொருளைக் கொடுப்பவன் மனிதன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். அங்குள்ள கோயில் சிலையின் கண்ணிலிருந்த வைரத்தை, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையை விட்டு ஓடிய சிப்பாய் ஒருவன் திருடிக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு. ரஷ்யாவின் ஓர்லோவ் வைரம் அதுதான் என்பார்கள். கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. சுமார் 189 காரட் எடையுள்ள அந்தக் கல்லை ஓர்லோவ் பிரபு இரண்டாம் கேத்தரீன் அரசிக்குக் கொடுத்தார்; அவர் செங்கோலில் அது பதிக்கப்பட்டது. இன்று மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கிறது. பக்தனுக்குக் காணிக்கை, திருடனுக்குக் கொள்ளை, அரசிக்கு அதிகாரம். கல் ஒன்றுதான்!

அதே கல் கல்யாணத்துக்கு அடையாளமானது எப்படி? 1888இல் தொடங்கிய டி பியர்ஸ் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலக வைரச் சந்தையைத் தன் பிடியில் வைத்திருந்தது. விலை இறங்காதபடி கற்களை இருப்பில் வைத்து அளந்து விற்றது. வைரம் அழியாதது, அன்பும் அப்படியே என்று 1947 முதல் விளம்பரம் செய்தது. அந்த விளம்பரத்தைத்தான் நாம் கௌரவம் என்று சுமக்கிறோம்!

அதன் விலையை மண்ணும் கொடுக்கிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சியரா லியோனில், கோனோ மாவட்டத்தில், வைரம் தோண்டிவிட்டு மூடாமல் விட்ட குழிகளில் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்கிறது. பயிர் நிலம் பாழாகிறது. 1991 முதல் 2002 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரப் பணமும் தீனி போட்டது. அதன் பிறகு 2003இல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் போவதைத் தடுக்க வந்த முறை அது. வெட்டிய காட்டையும் கெட்ட தண்ணீரையும் அது கேட்பதில்லை.

நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தின் பக்ஸ்வாஹா காட்டில், வைரச் சுரங்கத்துக்காக 382 ஹெக்டேரில் சுமார் 2.15 லட்சம் மரங்களை வெட்டும் திட்டம் வந்தது. 2021இல் இளைஞர்கள் எதிர்த்து நின்றார்கள். வன அனுமதியின்றி ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது.

வணிகர்களே! உங்களிடம் வரும் கல் எங்கே தோண்டியது என்று கேளுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் இப்போது மலிவாக வருகிறது. அதை அதன் பெயரைச் சொல்லியே விற்பனை செய்யுங்கள். உள்ளதை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை.

இளைஞர்களே! மஹர் நீங்கள் கொடுக்க வேண்டியது. அப்படியிருக்க, பெண் வீட்டில் வைரத்தோடு கேட்க உங்களுக்கு என்ன உரிமை? ஓடும் ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று கற்ற சமுதாயம், ஒரு தோட்டுக்காகக் காடு அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரிடம் சொல்லுங்கள்: "எனக்குப் பெண் பார்க்கும்போது தோட்டைப் பற்றிப் பேசாதீர்கள் அம்மா." அந்தப் பெரியவரின் மகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.