மல்லாட்டைக்கு ஒரு தனி இடுக்கி

அறுவை அரங்கின் தட்டில் இடுக்கிகள் மட்டுமே பல தினுசில் கிடக்கும். பிடிப்பதற்கு ஒன்று போதாதா என்று கேட்கலாம். போதாது. அறுந்த ரத்தக் குழாயை நெரித்து நிறுத்துவது ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். கைப்பிடியின் பூட்டுப் பல் விழுந்துவிட்டால் மருத்துவர் கையை எடுத்தாலும் பிடி நிற்கும். அதே பிடி குடலில் விழுந்தால் சதை நசுங்கிப் போகும். அங்கே கூர்ப்பல் இல்லாமல் வளைந்த வாயுள்ள பேப்காக் வேண்டும். சிங்கம், காக்கை என்று விலங்கு, பறவைகளின் வாயை வைத்தே 24 வகை இடுக்கிகளைச் சுஸ்ருத சங்கிதை சொல்கிறது. பிடிபடும் பொருள்தான் வாயின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இதற்குச் செஞ்சிக்காரர்கள் சட்டென்று ஒப்புக்கொள்ளும் சாட்சி, மூச்சுக்குழலில் சிக்கிய மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எடுப்பதற்கென்றே செய்த இடுக்கி.

அறுவடைக் காலத்தில் செஞ்சிப் பக்கத்து வீடுகளில் மல்லாட்டை காயும். அதே வாசலில் குழந்தையும் தவழும். கடைவாய்ப் பல் முளைக்காத பிள்ளை பருப்பை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாலோ அழுதாலோ, அது மூச்சுக்குழலின் கிளைக்குள் இறங்கிவிடலாம். அங்கே ஈரத்தில் ஊறி உப்பும். அதன் எண்ணெய் சவ்வைப் புண்ணாக்கும். பல்வாய் இடுக்கியால் கவ்வினால் பருப்பு நொறுங்கி, துண்டுகள் இன்னும் ஆழத்துக்குச் சிதறும். ஆகவே மல்லாட்டை இடுக்கியின் வாயை அகலமாக, நடுவில் திறப்பு விட்டு, இரண்டு சிறு கரண்டிகளை எதிரெதிரே வைத்தாற்போல் செய்திருக்கிறார்கள். விளிம்பு பருப்பை அணைத்துப் பிடிக்கும், நசுக்காது. 1897இல் ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் ஒருவரது மூச்சுக்குழலிலிருந்து எலும்புத் துண்டை எடுத்ததில் தொடங்கிய முறையின் வளர்ச்சி இது.

அப்படியானால் செஞ்சி அரசு மருத்துவமனையிலும் இது வேண்டுமே என்பீர்கள். குழந்தைக்கு மயக்கம் கொடுப்பவரும் கை பழகிய மருத்துவரும் இல்லாத இடத்தில் அது வெறும் இரும்பு. புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இருப்பதே சரி. உள்ளூரில் வேண்டியது, பருப்பு உள்ளே போயிருக்குமோ என்ற சந்தேகம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று சிலர் நிம்மதியடைவார்கள். பருப்பு எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் இருமல் அடங்கியதும் பிள்ளை விளையாடப் போய்விடும். பிறகு வரும் இளைப்பைச் சளி என்று நினைத்து வாரக்கணக்கில் மருந்து கொடுப்பதும் நடக்கிறது.

ஐந்து வயது வரை முழுப் பருப்பு கொடுக்காதீர்கள். புரையேறி இருமுகிற பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழையுங்கள். இருமல் நின்றிருந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோய், மல்லாட்டை தின்னும்போது புரையேறியது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.