கனவில் விழித்தல்



மார்கழித் திருவாதிரையை முன்னிட்டு நிகழும் இவ்விழாவின் நான்காம் நாளாகிய இன்று, கனவைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். கனவு என்றவுடன், யானை வந்தால் என்ன பலன், பாம்பு வந்தால் என்ன பலன் என்று கேட்கும் ஆவலோடு வந்தோரும் இங்கே சிலர் இருத்தல் கூடும். அவற்றிற்குப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்கள் போதும். நாம் இன்று எண்ணிப் பார்க்க விழைவது வேறொன்று. கனவு காணும்போதே, ‘இது கனவு’ என்று சிலருக்கு ஓர் அறிவு தோன்றுகிறது. தோன்றியும் கனவு கலைவதில்லை. கண்டுகொண்டே இருக்கிறார்கள், கனவென்று தெரிந்தும் இருக்கிறார்கள். இந்நிலை யாது? இதனால் உயிருக்கு ஆவது என்ன?

இஃது எவரோ ஒரு யோகிக்கு மட்டும் வாய்ப்பது என்று கருத வேண்டா. ஐம்பது ஆண்டுக் காலத்து ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கு, நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தகைய கனவு கண்டவர்கள் என்று கூறுகிறது. அவ்வாறாயின் இப்பந்தலில் இருப்போரில் பாதிப்பேர் இதனை அறிந்தவரே. சிறு வயதில், யாரோ துரத்துகையில், ‘இது கனவுதானே, விழித்துக்கொண்டால் போயிற்று’ என்று எண்ணியது பலருக்கு நினைவிருக்கலாம்.

மேனாட்டார் இதற்குத் தெளிகனவு என்னும் பொருள்பட ஒரு பெயர் இட்டனர். டச்சு மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடெரிக் வான் ஏடன் என்பவர் தம் கனவுகளைப் பல்லாண்டுகள் குறித்து வைத்து, 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அப்பெயரை வழங்கினார். ஆயினும் அறிவியலார் பலர் நெடுங்காலம் நம்பவில்லை. உறங்குகிறவன் உறங்குவதை அறிவானென்றால் அவன் உறங்கவில்லை என்பதுதானே பொருள் என்று வாதிட்டனர். வாதம் நல்ல வாதம். அதற்கு விடை 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது.

கனவு மிகுதியாக நிகழும் உறக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து, கையும் காலும் ஏவல் கேளாமற் கிடக்கும். ஆனால் கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சை இயக்கும் தசையும் அவ்வாறு அடங்குவதில்லை. இதனைக் கருதிய கீத் ஹெர்ன் என்னும் ஆய்வாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், ‘கனவென்று தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டுக’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். கருவிகள் அவர் உறங்குவதைக் காட்டின. அவ்வுறக்கத்தினுள்ளிருந்து, சொல்லி வைத்தபடியே கண்ணசைவுக் குறிப்பு வந்தது. அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் என்பவரும் தனியாக இதே வழியில் மெய்ப்பித்து, 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின் ஐயுறுவார் குறைந்தனர்.

இனி, நம் ஆசாரியர்கள் உயிரின் நிலைகளை வகுத்த முறையை நோக்குவோம். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என அவத்தை ஐந்து. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்பவையும் இவையே. நனவில் உயிர் புருவ நடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படும். கனவில் கண்டத்தில் இறங்கி 25 கருவிகளோடு நிற்கும். உறக்கத்தில் இதயத்தில் மூன்று. பேருறக்கத்தில் உந்தியில் இரண்டு. உயிர்ப்படக்கத்தில் மூலாதாரத்தில் ஒன்று. அரசன் ஒருவன் உலாப்போய் மீண்டு, அரண்மனையின் ஒவ்வொரு வாயிலிலும் உடன் வந்தோரை நிறுத்திவிட்டு, உள்ளே உள்ளே சென்று இறுதியில் தனித்துப் பள்ளிகொள்வதை இதற்கு உவமை கூறுவர்.

கனவு வாயிலில் நின்றுவிடும் பத்துக் கருவிகள் எவை? செவி முதலிய அறிவுப்பொறிகள் ஐந்து. வாக்கு முதலிய தொழிற்பொறிகள் ஐந்து. ஓசை முதலிய புலன்கள் ஐந்தும், பேச்சு முதலிய தொழில்கள் ஐந்தும், வாயுக்கள் பத்தும், மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும், புருடனும் உள்ளே செல்கின்றன. எண்ணிப் பாருங்கள், 25. செவி வெளியே நின்றுவிட்டது, ஓசையோ உள்ளே வந்துவிட்டது. ஆதலால் செவியின்றிக் கேட்கிறோம். கால் வாயிலிலேயே கிடக்கிறது, நடத்தல் உள்ளே நிகழ்கிறது. ஓடியும் ஓடாமற் கிடக்கும் கனவு அனுபவத்தை இதனினும் தெளிவாக எடுத்துக் கூறுதல் அரிது.

இதனைக் கொண்டு, ‘மேனாட்டார் கண்டதெல்லாம் நம் நூல்களில் முன்னமே உண்டு’ என்று மார்தட்டுவது நம் கருத்தன்று. அவர்கள் ஆராய்ந்தது உடம்பின் இயக்கத்தை. நம்மவர் ஆராய்ந்தது உயிரின் கட்டை. நோக்கம் வேறு, அளவைகளும் வேறு. ஆயினும் ஹல் நகரத்து நிகழ்ச்சியைப் படித்தபோது அந்த அரசன் உவமையே நம் நினைவுக்கு வந்தது. உள்ளே இருந்த அரசன், வாயிலில் நிறுத்திய காவலன் ஒருவன் வழியாக வெளியே ஓலை அனுப்பிவிட்டான்!

மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதை நிறுவக் கூறும் காரணங்களுள் கனவும் ஒன்று. பொறிகள் ஒடுங்கிய இடத்தும் அறிதல் நிகழ்தலின், பொறிகளே உயிர் ஆகா என்பது அதன் கருத்து. அந்தக்கரணமும் உயிர் அன்று என்பதை நான்காம் சூத்திரம் விளக்கும். கருவிகள் அமைச்சர் போல்வன, உயிர் அரசன் போல்வது. தெளிகனவு கண்ட ஒருவர் இந்த வேற்றுமையை ஏட்டில் மட்டுமன்றித் தம்மிடத்திலேயே சிறிது பார்த்தவராகிறார். மனம் ஒரு காட்சியை விரிக்கிறது. அதை விரித்தது மனம் என்று அறியும் ஒன்று தனித்து நிற்கிறது.

ஆனால் இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். கனவென்று அறிந்தவர் அடுத்து என்ன செய்கிறார்? பெரும்பாலோர் பறக்கிறார்கள். விரும்பியதை வரவழைக்கிறார்கள். வேண்டாதவரை விரட்டுகிறார்கள். கொடுங்கனவால் வருந்துவோர்க்கு இப்பயிற்சி ஆறுதல் தரக்கூடும் என்று மருத்துவ அறிஞரும் ஆராய்ந்து வருகின்றனர். அது நற்பயன், அதனை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் ‘இக்கனவு என்னுடையது, நான் நினைத்தபடி ஆட்டுவிப்பேன்’ என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறது? நனவில் நம்மை ஆட்டுகின்ற ஆணவமே அங்கும் உடன் வந்திருக்கிறது. கனவைக் கனவென்று அறிவது மலம் நீங்கியதற்கு அடையாளம் ஆகாது. சிறைக்கூடம் இன்னதென்று தெரிந்துகொண்டவன், அதன் தாழ்வாரத்தில் உலாவப் பழகிக்கொண்டான், அவ்வளவே. திருமூல தேவர் எட்டாம் தந்திரத்தில் ஓர் அவத்தைக்குள் மற்றோர் அவத்தையை வைத்து, கனவில் நனவு என்றும் நனவில் கனவு என்றும் நுணுக்கமாக வகுத்துச் செல்வார். கனவில் நனவைத் தேடுவோர், நனவிலேயே தாம் எவ்வளவு நேரம் கனவில் இருக்கிறோம் என்பதையும் எண்ணுதல் நன்று. சந்நிதியில் நின்றுகொண்டே செருப்பைப் பற்றி எண்ணுகிறோம் அல்லவா?

மற்றொரு பிழையான முடிவும் உண்டு. ‘கனவைப் போலவே இவ்வுலகமும் பொய், ஆகவே எதையும் பொருட்படுத்த வேண்டா’ என்பார் சிலர். சித்தாந்தம் அவ்வாறு கூறவில்லை. உலகம் மாயையிலிருந்து தோன்றிய உள்பொருள். நிலையாமை ஒன்றுக்கே கனவை உவமையாகக் கொள்ளலாம். கனவில் கண்ட பசியாளன் நாம் விழித்தவுடன் மறைவான். அடுத்த வீட்டில் பசித்திருப்பவன், நாம் எத்தனை முறை விழித்தாலும் பசித்தே இருப்பான்.

மனத்தினுள் தாமே ஆக்கும் உலகில், அது மனத்தது என்று தெளிவாக அறிந்திருந்தும், ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய புராணத்தில் பூசலார் நாயனார் இருக்கிறார். திருநின்றவூரில் இறைவனுக்குக் கோயில் எடுக்க விழைந்து பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டத் துணிந்தார். மனக்கோயில்தானே, ஒரு நொடியில் எழுப்பிவிடலாமே! அவர் அவ்வாறு செய்யவில்லை. பொருளை மனத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தார். தச்சரை அமர்த்தினார். நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் இட்டார். இரவும் துயிலாது வேலையை மேற்பார்த்தார். சிகரம் அமைத்து, சுதை தீட்டி, கிணறும் குளமும் மதிலும் செய்து, முறைப்படி குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். பறக்கக்கூடிய இடத்தில் நடந்து சென்றவர் அவர். எந்த விதிக்கும் கட்டுப்பட வேண்டாத இடத்தில் ஆகம விதி ஒன்றையும் அவர் தளர்த்தவில்லை.

அதே நாளில் காஞ்சியில் தாம் எடுத்த கற்றளிக்கும் குடமுழுக்கு வைத்திருந்த காடவர் கோமானுக்கு இறைவன் கனவில் தோன்றி, ‘நாளை நாம் அன்பனுடைய ஆலயத்தில் புகுகின்றோம், நீ வேறு நாள் கொள்க’ என்று பணித்தருளினான். விழித்த மன்னன் திருநின்றவூருக்கு ஓடி வந்து, ‘பூசலார் எடுத்த கோயில் எங்கே?’ என்று வினவினான். ஊரார்க்குத் தெரியவில்லை. கட்டியவர்க்கும், குடிபுக இருந்தவனுக்கும், கனவு கண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த கோயில் அது. கல்லால் கட்டிய அரசனுக்குச் செய்தி கனவில் வந்தது. மனத்தால் கட்டியவரோ இரவும் துயிலாது கட்டியவர். சேக்கிழார் பெருமான் இதனை அமைத்த திறத்தை எத்தனை முறை எண்ணினாலும் நமக்கு வியப்பு நீங்குவதில்லை.

உறங்குகின்ற உயிரை விழிப்பிப்பது யார் என்னும் வினா எஞ்சுகிறது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரான்சு, செருமனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வாளர்கள், 36 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி வெளியிட்டனர். தெளிகனவு காண்போரிடம் வெளியிலிருந்து வினாக்கள் கேட்டனர். எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்பது போன்ற எளிய கணக்குகள். உறங்குபவர் கண்ணை இருமுறை அசைத்து விடை கூறினார். 158 முறை கேட்டதில், சரியான விடை கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே. ஆயினும் கிடைத்தது. நமக்குச் சுவையாகப்பட்டது வேறொன்று. வெளியிலிருந்து அழைத்த குரல் சிலர்க்குக் கனவின் பொருளாகவே உருமாறி எட்டியது. காரில் இருப்பதாகக் கனவு கண்டவர்க்கு அது காரின் வானொலியிலிருந்து வந்தது!

இதனை எட்டாம் சூத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். வேடரிடையே வளர்ந்து தன்னை வேடன் என்றே எண்ணியிருந்த அரசகுமாரனிடம், தந்தையே வந்து ‘நீ என் மகன்’ என்று உணர்த்துவது போல, ஐம்புல வேடரிடையே அயர்ந்த உயிருக்கு இறைவன் குருவாய் வந்து உணர்த்துகிறான். ஏன் மானிட வடிவில் வரவேண்டும்? மானைக் காட்டி மானைப் பிடிப்பது போல என்பர் பெரியோர். நாம் எதைக் காண வல்லோமோ அதன் வடிவிலேயே அழைப்பு வரும். உயிர் தானே அறியும் இயல்புடையதன்று, அறிவிக்க அறிவது. காரின் வானொலியில் கேட்பது எவர் குரல் என்று கனவிலிருப்பவர் உணர்ந்துகொள்வதே அரிய செயல்.

இம்மாதத்து வைகறையில் நாம் ஓதும் திருவெம்பாவையில், எழுந்த பெண் எழாத பெண்ணின் வாயிலில் நின்று அழைக்கிறாள். இரவின் பிற்பகுதியில்தான் கனவு நிறைந்த உறக்கம் நீள்கிறது என்று ஆய்வாளர் கூறுவர். கனவு மிக இனிதாக இருக்கும் வேளையிலே அழைப்பு வருகிறது. வெளியே நிற்பவளோ அவளுடைய தோழியே.

சென்ற ஆண்டு இவ்விழாவில் ஓர் அம்மையார் நம்மிடம் வந்து, ‘இறந்துபோன என் மகன் கனவில் வருகிறான், ஐயா. கனவிலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது, இவன் போனவன், இது கனவு என்று. தெரிந்தும் கையைப் பிடித்துக்கொள்கிறேன். தெரிந்த பிறகு பிடிப்பது குற்றமா?’ என்று கேட்டார். குற்றம் அன்று என்றோம். வந்த வடிவம் சித்தம் சேர்த்து வைத்தது; உங்கள் அன்பு கனவு அன்று. கையை விட வேண்டா. ஆனால் அந்நேரத்தில் ஐந்தெழுத்தையும் எண்ணுங்கள் என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, ‘அப்போது அவன் முகந்தான் நினைவுக்கு வருகிறது, சுவாமி நினைவு வருவதில்லை’ என்றார்.

அவர் கூறியது உண்மை. எந்நூலும் அதனை மறுக்காது. சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் இயல்பு. கனவில் போய்ப் புதிதாக ஒன்றைச் சாரவும் இயலாது. கீழ் இறங்கும் 25 கருவிகளுள் சித்தம் ஒன்று என்றோம். பகலில் அதில் வைத்ததே இரவில் உடன் செல்லும். தெளிகனவு பயில்வோரும், உறங்குமுன் ‘கனவென்று அறிவேன்’ என்று பலகாலும் உறுதி செய்துகொண்டே படுக்கிறார்கள். திருஞானசம்பந்தப் பிள்ளையார் தமது உபநயனத்தின்போது அருளிய பஞ்சாக்கரப் பதிகத்தில், துயிலும் போதும் துயிலாத போதும் ஐந்தெழுத்தை நினைக்கப் பணிக்கிறார். துயிலும்போது நினைப்பது எங்ஙனம் என்று மலைக்க வேண்டா. துயிலாத போது நினைப்பதைத் தொடங்கினால், மற்றது சித்தத்தின் வேலை. அம்மையாரிடம், பகலில் மகன் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் ஒரு முறை சிவசிவ என்று சேர்த்துச் சொல்லி வாருங்கள், முகத்தை அகற்ற முயல வேண்டா என்று கூறி அனுப்பினோம்.

சுழுத்தி முதலிய மற்றை மூன்று அவத்தைகளையும், அருள்வழி நிற்பார்க்கு உரிய மேலாலவத்தையையும் நாளை மாலை இதே வேளையில் காண்போம்.

திருச்சிற்றம்பலம்.