ராஜா ஓடினாலும் ராஜ்ஜியம் நின்றது

நடுவர் அவர்களே, என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, மலைக்கோட்டையை வீட்டு வாசலிலேயே வைத்திருக்கும் செஞ்சிப் பெருமக்களே, தொலைக்காட்சி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

புதிதாகப் பிறந்த ஒரு நாட்டை நிலைநிறுத்துவது தலைவனின் வீரமா, நிர்வாகத்தின் திறமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் தேசிங்குராஜன் குதிரையை இந்த மேடையிலேயே ஓடவிட்டார். செஞ்சியிலே தேசிங்கு பேரைச் சொன்னா கை தட்டாம இருக்க முடியுமா? நானும் தட்டினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். தேசிங்கு ஆண்டது எத்தனை காலம்? 1714-இல் பட்டத்துக்கு வந்தார். அதே 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி வீரமரணம் அடைந்தார். முழுசா ஒரு வருஷம் இல்லீங்க! அவர் விழுந்த அன்றைக்கே அவருடைய அரசும் விழுந்தது. பாட்டு இருக்கிறது, ராஜ்ஜியம் இல்லை. (கைதட்டல்)

அவருக்கு 25 வருஷம் முன்னால் இதே கோட்டைக்கு இன்னொருத்தர் வந்தார். அவரைப் பற்றி நம்ம ஊர்த் தெருக்கூத்தில் பாட்டு கேட்டதில்லை. பேர் இராஜாராம். சிவாஜி மகாராஜாவின் இளைய மகன்.

மராட்டிய ராஜ்ஜியம் அன்றைக்குப் பச்சைக் குழந்தை. 1674-இல்தான் ராய்கட்டில் சிவாஜிக்கு முடிசூட்டு. செஞ்சியை அவர் பிடித்தது 1677-இல். 1680-இல் அவர் மறைந்துவிட்டார். 1689-இல் மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் பிடித்துக் கொன்றார். தலைநகர் ராய்கட் போச்சு. சம்பாஜியின் மனைவி யேசுபாய், சின்னப்பிள்ளை சாகு, இருவரும் மொகலாயர் கையில் சிறை. மிச்சம் இருந்தது 19 வயதுப் பையன் ஒருத்தன். அவனும் மாறுவேஷம் போட்டுக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தப்பி ஓடி, அந்த வருஷக் கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்கிறான்.

வந்ததும் ஆரத்தி எடுத்தார்களா? கேளுங்க கூத்தை! கோட்டையை நிர்வகித்து வந்தவர் சிவாஜியின் மாப்பிள்ளை ஹர்ஜி மகாதிக். அவர் அப்போதுதான் இறந்திருந்தார். அவர் மனைவி, அதாவது இராஜாராமுக்கு அக்கா, தம்பிக்குக் கதவைத் திறக்க மாட்டேன் என்றார். பூர்வீக வீட்டுக்குத் தம்பி வருகிறான் என்றதும் பத்திரத்தை எடுத்துப் பரணில் ஒளித்து வைக்கிற அக்காக்கள் நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். (சிரிப்பு) கூட இருந்தவர்கள் தம்பி பக்கம் சாய்ந்த பிறகுதான் வழி விட்டார்.

இப்போது எதிரணியைக் கேட்கிறேன். தலைவனின் வீரம்தான் நாட்டைக் காக்கும் என்றால், இந்த நாடு 1689-இலேயே செத்திருக்க வேண்டுமா இல்லையா? சாகவில்லை. ஏன்?

புறப்படும் முன்பே அங்கே ஒரு ஏற்பாடு நடந்துவிட்டது. இராமச்சந்திர பந்த் அமாத்யர் என்ற அமைச்சரிடம் மேற்கு நாட்டை ஒப்படைத்தார்கள். ‘ஹுகுமத் பனாஹ்’ என்று ஒரு பட்டம், அரசுக்கே அடைக்கலம் என்று பொருள். ராஜாவைக் கேட்காமலே உத்தரவு போடலாம். நடுவர் அவர்களே, இந்தக் காலத்தில் மேலாளர் ஒரு வாரம் லீவு போட்டால் ஆபீசில் ஒரு காகிதம் நகராது! இங்கே ராஜா எட்டு வருஷம் ஊரிலேயே இல்லை. செஞ்சியில் சிவாஜி வகுத்த எட்டு அமைச்சர் சபையை மறுபடி கூட்டினார்கள். அது போதாதென்று ‘பிரதிநிதி’ என்று புதுப் பதவி ஒன்றை உண்டாக்கி, பிரகலாத் நிராஜி என்பவரை அமர்த்தினார்கள். நாற்காலி காலியாகவில்லை, ஆள்தான் மாறினார்.

பணம்? அதுதான் பெரிய கதை. கஜானா வெறும் பெட்டி. 1690-இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். எல்லை எது? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும்! வெள்ளைக்காரன் சும்மா விடுவானா? தூரமாகப் போகிற பீரங்கியாகப் பார்த்து வைத்துச் சுட்டான். (சிரிப்பு) கடலூரில் இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்று ஊர் இருக்கிறதே, அந்தக் குண்டுதான் இது.

இன்னொரு பக்கம் சிவாஜி விரும்பாத ஒன்றைச் செய்தார்கள். சம்பளத்தை ரொக்கமாகக் கொடு, நிலமாகக் கொடுக்காதே என்பது அவர் முறை. நிலம் கொடுத்தால் ஒவ்வொருத்தனும் குட்டி ராஜா ஆகிவிடுவான் அல்லவா? ஆனால் எதிரே அவுரங்கசீப் நிலத்தைக் காட்டி ஆட்களை இழுக்கிறார். செஞ்சி தர்பாரும் சாசனம் எழுத ஆரம்பித்தது. கோர்படே குடும்பத்துக்கு 1691-இல் எழுதிக் கொடுத்ததில், தில்லியைப் பிடித்தால் இவ்வளவு என்றுகூடப் பங்கு இருக்கிறது. இருக்கிறது ஒரு மலை, கீழே பகைவன், எழுதுவது தில்லிக்குப் பட்டா! இதிலே நஷ்டம் உண்டு, மறைக்க மாட்டேன். அடுத்த நூற்றாண்டில் சர்தார்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததற்கு விதை இந்தச் சாசனங்களில் இருக்கிறது. எதிரணி இதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனாலும் அன்றைக்கு உயிர் பிழைக்க வேண்டுமே!

சாந்தாஜி கோர்படே இல்லையா, தனாஜி ஜாதவ் இல்லையா என்று அம்மையார் கேட்டார். இருந்தார்கள், மாவீரர்கள். 1692 கடைசியில் அவர்கள் வந்து தாக்கி, முற்றுகை போட்டவர்களுக்கே தானியம் வராமல் செய்தார்கள். 1693-இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் பக்கத்து வந்தவாசிக்குப் பின்வாங்கினார். அதே சாந்தாஜி பிறகு தர்பாரோடு பகைத்து, தனாஜியோடும் பகைத்து, 1697-இல் கொலையுண்டார். வீரம் வீரத்தோடு முட்டிக்கொண்டால் நடுவில் நிற்க ஒரு ஆள் வேண்டும், அந்த இடத்தில் செஞ்சி தர்பார் தவறிவிட்டது. 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. இராஜாராம் மறுபடியும் தப்பிவிட்டார். 1700-இல் அவரும் இறந்தார். மனைவி தாராபாய் ஆட்சியை நடத்தினார். 1707-இல் அவுரங்கசீப் மூச்சு நின்றபோதும் அந்த ராஜ்ஜியம் இருந்தது. இரண்டு தலைநகரும் மூன்று ராஜாக்களும் போன பிறகு இருந்தது, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

நம்ம வள்ளுவர் ‘நாடு’ என்ற அதிகாரத்தை 74-ஆவதாக வைத்தார். ‘அரண்’ 75. ‘அமைச்சு’ எத்தனையாவது? 64! ‘இறைமாட்சி’ 39-ஆயிற்றே என்று எதிரணி நண்பர் விரலை நீட்டுகிறார். ராஜா முன்னால் வரட்டும் ஐயா, ஊர்வலத்தில் அவர்தானே முன்னால் போவார்? (சிரிப்பு)

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம்ம செஞ்சி ஒன்றுதான். நாளைக்குக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி உச்சிக்கு ஏறுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறும் முன் அடிவாரத்து நெற்களஞ்சியத்துக்குள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். முற்றுகை நாளில் இன்றைக்கு இத்தனை மரக்கால், நாளைக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்து அளந்தவன் ஒருத்தன் இருந்திருப்பான். அவனுக்கும் சேர்த்துத்தான் எங்கள் அணி வாதாடுகிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.