வருமான வரிக் கணக்கும் கருவித் தேர்வும்

தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கும் இடத்தை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். கூடையுடன் பெண்கள் வரிசையாக நிற்பர். தராசு ஒருவர் கையில் இருக்கும். பேரேடு மற்றொருவர் கையில் இருக்கும். அன்றைய நாள் முழுப்பேரா அரைப்பேரா என்பதை அந்தப் பேரேட்டில் விழும் ஓர் எண்ணே தீர்மானிக்கும். என் இளமையில் எங்கள் லயத்தில் ஒரு மூதாட்டி இருந்தாள். எழுத்தறியாதவள். ஆயினும் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அடுப்புக் கரியாற் சுவரில் ஒரு கோடு கீறி வைப்பாள், அரைப்பேருக்கு அரைக்கோடு. சம்பள நாளன்று சீட்டைப் பிறர் வாசிக்கக் கேட்டுச் சுவரோடு ஒப்பிடுவாள். ஒருமுறை இரண்டு நாட்கள் குறைந்திருந்ததை அச்சுவரைக் கொண்டே கண்டு, கேட்டுப் பெற்றுக்கொண்டாள்.

அம்மூதாட்டியை இன்று நினைவுகூரக் காரணமுண்டு. அவள் போன்றோரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும், தாதியராகவும், வங்கி ஊழியராகவும், அற்றனிலும் நுவரெலியாவிலும் கடை நடத்துவோராகவும் விளங்குகின்றனர். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பறிபோன குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒருவாறு தீர்ந்தது. குடிமக்களாகிய நமக்கு உரிமைகளோடு கடமைகளும் வந்துள்ளன. அவற்றுள் ஒன்று வருமான வரி விவரத்திரட்டு. அதனைத் தாமே தயாரிக்க விரும்புவோர் எந்தக் கருவியை, எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் கணக்கியல் கற்றவன் அல்லன், கலைப்பட்டதாரி. ஆகவே, என்னைப் போன்றோருக்கு விளங்கும் வகையிலேயே கூற முற்படுகிறேன்.

முதலில் விடயத்தின் அடிப்படையை அறிவோம். இந்நாட்டில் வருமான வரி 1932இல் விதிக்கப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களுமாம். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிகிறது. அவ்வாண்டுக்குரிய விவரத்திரட்டை அதற்கடுத்த நவம்பர் 30க்குள் சமர்ப்பித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையுள்ள வருமானத்துக்கான திரட்டின் இறுதி நாள் 2026 நவம்பர் 30 ஆகும்.

இனிக் கருவிகளை நோக்குவோம். நமக்கு முன் மூன்று வழிகள் உள. ஒன்று, தாளும் பேனாவும். இரண்டு, எக்செல் போன்ற விரிதாளும், கைத்தொலைபேசியிலும் இணையத்திலும் கிடைக்கும் வரிக் கணிப்பான்களும். மூன்று, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தானே நடத்தும் ‘ரமிஸ்’ என்னும் இணையச் சேவை. இவற்றுள் எதனைத் தெரிந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டே தெரிதல் வேண்டும்.

முதற் கேள்வி: இக்கருவி எந்த ஆண்டின் சட்டத்தை அறிந்திருக்கிறது?

இக்கேள்வியின் பெறுமதியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். மாதம் 1,30,000 ரூபாய் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியரைக் கற்பனை செய்வோம். ஆண்டுச் சம்பளம் 15,60,000 ரூபாய். நிலையான வைப்பில் 3,00,000 ரூபாய் வட்டி வருகிறது. 2025 ஏப்ரல் முதலுள்ள விதிப்படி வங்கி அதில் 10 வீதத்தை, அதாவது 30,000 ரூபாயை, நிறுத்திவைத்தல் வரியாகக் கழித்துள்ளது. நகரத்திலுள்ள சிறு வீட்டை மாதம் 20,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். ஆக மொத்த வருமானம் 21,00,000 ரூபாய்.

2025 ஏப்ரல் முதல் தனிப்பட்ட நிவாரணம் 18,00,000 ரூபாய். வாடகை வருமானத்தின் காற்பங்கான 60,000 ரூபாயும் நிவாரணமாகக் கழியும். எஞ்சுவது 2,40,000 ரூபாய். வரிக்குரிய முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் என்பது விதியாதலால், வரி 14,400 ரூபாய். வங்கியோ முன்னரே 30,000 ரூபாயைக் கழித்துவிட்டது. ஆகவே, அவருக்குத் திரும்பி வரவேண்டியது 15,600 ரூபாய்.

இதே ஆசிரியர், நண்பரொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய விரிதாளைப் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிலே 2023 ஜனவரி முதல் இருந்த 12 இலட்சம் ரூபாய் நிவாரணமும், ஐந்தைந்து இலட்சமாக 6, 12, 18 வீதம் என ஏறிச் சென்ற பழைய படிகளும் பொதிந்திருக்கின்றன. அது காட்டும் வரி 70,800 ரூபாய். வங்கி கழித்தது போக இன்னும் 40,800 ரூபாய் கட்டவேண்டும் என்று அது சொல்லும். 15,600 ரூபாய் பெறவேண்டியவர் 40,800 ரூபாய் கட்டப் புறப்படுவார். இவ்விரண்டுக்கும் இடைவெளி 56,400 ரூபாய்! விரிதாளின் கூட்டலிலோ கழித்தலிலோ பிழையில்லை. அதனுட் பொதிந்த சட்டமே பழையது.

இரண்டாங் கேள்வி: இக்கருவி தன் கணக்கின் வழியைக் காட்டுகிறதா?

பள்ளியிலே விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு நாம் முழுப் புள்ளி வழங்குவதில்லை. செய்கை எங்கே என்று கேட்கிறோம். சில கணிப்பான்கள் வருமானத்தைக் கேட்டு, இறுதியில் ஒரே ஓர் எண்ணை மாத்திரம் காட்டுகின்றன. எந்த நிவாரணம் கழிந்தது, எந்தப் படியில் எவ்வளவு வரி விழுந்தது, முன்னர் கழிக்கப்பட்ட வரி சேர்க்கப்பட்டதா என்பன தெரிவதில்லை. மேலும், பல கணிப்பான்கள் மாதச் சம்பளத்துக்கான முற்பண வரியை அறிவதற்கென்றே ஆக்கப்பட்டவை. வட்டியையும் வாடகையையும் அவை அறியா. அத்தகையவற்றை ஒரு குத்துமதிப்புக்குக் கொள்ளலாமேயன்றித் திரட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது.

மூன்றாங் கேள்வி: என் விவரங்கள் எவர் கைக்குப் போகின்றன?

இதுவே நம் பகுதியில் மிகவும் வேண்டப்படுவது. கணினி இல்லாதோர் நகரத்துப் போட்டோப் பிரதிக் கடைக்குச் சென்று, தேசிய அடையாள அட்டை, வரி செலுத்துநர் அடையாள இலக்கம், கடவுச்சொல் யாவற்றையும் கடைப் பையனிடம் ஒப்புவித்து வருவதைக் காண்கிறோம். சிலர் தம் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் உரக்க வாசித்துக் கொடுக்கின்றனர். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும், திரட்டின் உண்மைக்குப் பொறுப்பேற்பவர் வரி செலுத்துநரே. பிறர் உதவியைப் பெறுவது குற்றமன்று. அவர் தட்டச்சுச் செய்யும்போது அருகிலிருங்கள், கடவுச்சொல்லை நீங்களே இடுங்கள், முடிந்ததும் கணக்கை மூடிவிட்டு எழுந்திருங்கள். இலவசம் என்று கூறி வங்கி விவரமெல்லாம் கேட்கும் பெயரறியாச் செயலிகளைத் தொடவே வேண்டாம்.

நான்காங் கேள்வி: இக்கருவி இந்நாட்டுக்கு உரியதா, இதற்கு விலை உண்டா?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் அங்குள்ள மென்பொருள்கள் பற்றிய பேச்சு அடிபடுகிறது. கனடாவிலே இணையவழித் திரட்டுக்கு ஏற்ற மென்பொருள்களை அரசின் வருமான முகவரகம் பரிசோதித்துச் சான்றளிக்கிறது. அவற்றுட் சில இலவசம். இந்தியாவிலே வரித் திணைக்களமே இலவச மென்பொருளை வழங்குகிறது. அமெரிக்காவிலே தனியார் மென்பொருள்கள் நெடுங்காலமாகச் சந்தையை ஆள்கின்றன. அரசு 2024இல் 12 மாநிலங்களில் தொடங்கிய இலவச நேரடிச் சேவை 2025க்குப் பின் நிறுத்தப்பட்டது. இவற்றிலிருந்து நாம் கற்பது யாதெனில், அரசின் சான்றோ அரசின் கையோ இல்லாத கருவியை ஐயுறுதல் வேண்டும் என்பதே. அந்நாடுகளின் மென்பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் நம் சட்டத்தை அது அறியாது. நமக்கோ ரமிஸ் சேவை கட்டணமின்றி இருக்கிறது. ஐயமெழுந்தால் 1944 என்னும் இலக்கத்துக்கு அழைத்துத் திணைக்களத்தையே வினவலாம்.

ஆகவே, என் ஆலோசனை இது. முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள்: தொழில்தருநர் தரும் டி-10 சான்று, வங்கி தரும் நிறுத்திவைத்தல் வரிச் சான்று, வாடகைப் பற்றுச்சீட்டுகள். பின்பு தாளிலோ, நீங்களே அமைத்த விரிதாளிலோ, அவ்வாண்டின் விதிகளைக் கொண்டு ஒருமுறை கணக்கிடுங்கள். அதன்பின் ரமிஸ் சேவையிற் பதியுங்கள். இரு விடைகளும் ஒத்திருந்தால் சமர்ப்பியுங்கள். ஒவ்வாவிடில் காரணத்தைக் கண்டபின்னரே சமர்ப்பியுங்கள். சமர்ப்பித்தமைக்கான சான்றை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்.

இறுதி நாள் வரை காத்திராதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நம் மலைச்சரிவுகள் இடிந்தன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. நவம்பர் மாதம் நமக்கு மழை மாதம். அதன் கடைசி நாளை நம்பி எக்காரியத்தையும் வைத்தலாகாது.

வரிக்கு உட்படாதோருக்கும் ஒரு சொல். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து பத்து இலட்சம் ரூபாயை வங்கியில் வைப்பிட்டார் என்போம். வட்டி 8 வீதமாயின் ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 8,000 ரூபாயை வங்கி வரியாகக் கழிக்கும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி அது ஏறக்குறைய ஆறு நாட் கூலி. அவருடைய ஆண்டு வருமானம் 18 இலட்சத்தை எட்டாது. ஆகவே, அவர் வங்கியில் ஒரு சுயபிரகடனத்தைக் கொடுத்தால் அக்கழிவைத் தவிர்க்கலாம். இதற்கு மென்பொருள் ஏதும் வேண்டாம். ஒரு படிவமும், அதனை நிரப்பிக் கொடுக்கும் ஒரு பிள்ளையும் போதும். இன்று இவ்வுரையைக் கேட்கும் இளைஞர்கள் தம் பாட்டன் பாட்டியின் வங்கிப் புத்தகத்தை எடுத்து ஒருமுறை பார்ப்பார்களாக.

எங்கள் லயத்து மூதாட்டி பேரேட்டை வெறுத்தாள் அல்லள். கணக்கப்பிள்ளையோடு பகைத்தாளும் அல்லள். தன் கணக்கைத் தானும் வைத்திருந்தாள், அவ்வளவே. அவள் கரிக்கோட்டாற் செய்ததை நாம் கணினியாற் செய்கிறோம். கொடுக்க வேண்டியதைக் குறைவின்றிக் கொடுப்போம். பெற வேண்டியதைக் கேட்டுப் பெறுவோம்.