ஒட்டுக் கோலமும் ஈரக் காற்றும்



தீபாவளி நெருங்கும்போது ஜொகூர் பாரு, குளுவாங், சிகாமட் கடைகளில் ஒட்டுக் கோலங்கள் வந்துவிடுகின்றன. வாசலுக்குத் தாமரை, சுவருக்கு மயில், குத்துவிளக்கு என்று முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம். பண்டிகையன்று எடுத்தால் ஓரமெல்லாம் சுருண்டிருக்கும். ஒட்டினாலும் மூன்றாம் நாளே உரிந்துவிடும். சரக்கு மட்டம் என்று பலர் கடைக்காரரை நோவார்கள். ஆனால் பல சமயங்களில் காரணம், நாம் அதை வைத்திருந்த இடந்தான்.

இந்த ஒட்டுப் படத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே வினைல் என்ற பிளாஸ்டிக் தாள், நடுவில் பசை, அடியில் பசை பிடிக்காதபடி சிலிக்கோன் பூசிய காகிதம். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், பிளாஸ்டிக் விரியாது. அதனால்தான் ஓரம் சுருளுகிறது. வெப்பம் பட்டாலோ பசை இளகி ஓரத்தில் கசியும். அதில் தூசி படியும்.

நமது ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இந்தப் படங்களுக்கு ஏற்றதோ சுமார் 50 விழுக்காடு ஈரப்பதமும், 20 முதல் 25 பாகை வெப்பமும். ஆகவே, வாங்கியவுடன் இரண்டு அட்டைகளுக்கிடையே மட்டமாக வைத்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, அலமாரியில் வையுங்கள். அடுப்பருகிலோ, தகரக் கூரைக்கு அடியிலோ, மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வைக்க வேண்டாம். மடிக்கக் கூடாது. சுருட்டித்தான் ஆகவேண்டும் என்றால், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள்.

ஒட்டுமுன் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு கையில் வந்தால் அங்கே ஒட்டிப் பயனில்லை. பசை பொடியைப் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. புதுச் சாயம் அடித்த சுவரானால் மூன்று வாரமாவது பொறுத்திருங்கள். எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்கார நீரால் துடைத்து, நன்கு உலரவிடுங்கள். பிறகு ஒரு மூலையிலிருந்து காகிதத்தை மெல்ல உரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துணியால் அழுத்துங்கள். திரும்ப எடுத்து ஒட்டும் வகையானால் அடிக்காகிதத்தை எறியாதீர்கள். அடுத்த ஆண்டுவரை பசையைக் காப்பது அதுதான்.

தாய்மார்களே, ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் இதை ஒட்டாதீர்கள். வினைல் தீப்பற்றினால் அமிலம் கலந்த புகை எழும். கண்ணையும் மூச்சுக் குழாயையும் அரிக்கும். பலகைச் சுவராக இருந்தால் தீயும் விரைவில் பரவும். விளக்கருகே மாக்கோலமே போதும்.