ஐந்து சொற்கள்
(மீஞ்சூரில் ஆற்றிய உரை)

விடுதலை என்று முழங்குகிறோம். அதன் பொருளை உள்ளத்தில் நிறுத்தினோமா? பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் தளையறுத்த வரலாற்றை ஐந்து சொற்களில் அடக்கலாம். அவற்றுள் ஒன்றேனும் மீஞ்சூருக்கு அந்நியமன்று!

முதற்சொல், வரி. 1765-இல் முத்திரைச் சட்டம் பிறந்தது. பத்திரிகைக்கு வரி, பத்திரத்துக்கு வரி, சீட்டுக்கட்டுக்கும் வரி!

இரண்டாவது, பிரதிநிதித்துவம். வரி விதித்த லண்டன் பாராளுமன்றத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவருமில்லை. எனவே, வரியின் அளவைவிட, அதை விதிக்கும் உரிமை யாருக்கு என்பதே வழக்காயிற்று.

மூன்றாவது, ஏகபோகம். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் வீசப்பட்டது. யாருடைய தேயிலை? கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை! நொடித்த கம்பெனியைத் தூக்கி நிறுத்த, உள்ளூர் வணிகரை ஒதுக்கிவிட்டு நேரே விற்கச் சலுகை தந்தது அரசு. விலை குறைந்தது, வரி மட்டும் நின்றது. மலிவைக் கண்டு அவர்கள் மயங்கவில்லை. 1763-இல் ஆற்காட்டு நவாபிடம் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றதும் அதே கம்பெனிதான். பொன்னேரி உழவனின் களத்துமேட்டில் நீண்ட கைதான் பாஸ்டன் கோப்பையிலும் நீண்டது!

நான்காவது, புறக்கணிப்பு. அமெரிக்க வணிகர் ஆங்கிலச் சரக்கை மறுத்தனர். பெண்கள் வீட்டில் நூல் நூற்றனர். நம் நாட்டில் கதர் தோன்றியதும், 1930 ஏப்ரல் 30 அன்று வேதாரணியத்தில் இராஜாஜி தடையை மீறி உப்பு அள்ளியதும் நினைவுக்கு வரவில்லையா?

ஐந்தாவது, பிரகடனம். 1776 ஜூலை 4 அன்று, எல்லா மனிதரும் சமம் என்று உலகுக்கு உரைத்தனர். ஆனால், அதை எழுதிய ஜெபர்சனே அடிமைகளின் உடைமையாளர்! சட்டத்தால் அடிமை முறை அங்கு ஒழிய 1865 வரை காத்திருக்க நேர்ந்தது.

கைகொட்டிச் சிரிக்க வேண்டா, தோழர்களே! 17-ஆம் நூற்றாண்டில், இதோ அருகிலுள்ள பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர் நம்மவரை அடிமைகளாய்க் கப்பலேற்றினர். அவர்களுக்காக எந்தப் பிரகடனம் எழுந்தது?

ஆகவே, நாளை நீங்கள் தீர்மானம் எழுதும்போது ஒன்று கேளுங்கள்: "மக்கள்" என்ற சொல்லுக்குள் யார் இல்லை? அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியின் அடியில் ஒப்பந்தக் கூலியாய் நிற்பவன் அதற்குள் உண்டா? உப்பளத்தில் வெந்து நிற்பவள் உண்டா? அவர்களும் நுழைந்த பிறகே அச்சொல் நிறைவுறும். அதுவரை, எழுதியது பிரகடனம்; எழுத வேண்டியது விடுதலை!